ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்தீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதிரி பாகங்களை வாங்கி வீட்டிலேயே கணினியைக் கோத்துக்கொள்ளும் முறை குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பதும் மின்வழங்கியின் வாட் அளவைக் கணக்கிடுவதும் புதியவர்களுக்கும் புரியும்படி எழுதப்பட்டிருந்தன. ஆனால், செயலி அளவுக்கு மீறிச் சூடானால் என்ன செய்வது என்ற பகுதி மட்டும், தெர்மல் பேஸ்ட்டை (செயலிக்கும் கூலருக்கும் இடையே வைக்கும் பசை) தாராளமாக வையுங்கள், அப்படியும் குறையாவிட்டால் பெரிய கூலரை (செயலியைக் குளிர்விக்கும் கருவி) வாங்குங்கள் என்று இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது. இதே எண்ணத்தில் முன்பொரு முறை வீண்செலவு செய்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலாகக் கோத்த கணினியில், எந்த வேலையும் ஓடாதபோதே செயலியின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. ஒரு காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றத் தொடங்கினால் போதும், நான்கைந்து நொடிகளுக்குள் 100 டிகிரியைத் தொட்டு, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. பேஸ்ட்டை மூன்று முறை துடைத்துப் புதிதாக வைத்தேன். கேபினட்டில் இரண்டு மின்விசிறிகளைக் கூடுதலாக மாட்டினேன். கடைசியில் பெரிய கூலர் ஒன்றையும் வாங்கி வந்துவிட்டேன். பழையதைக் கழற்றுவதற்கு முன், ஏதோ ஒரு யோசனையில் அதன் ஹீட்சிங்கின், அதாவது செயலியின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பகுதியின், அலுமினியத் தகடுகளில் விரலை வைத்துப் பார்த்தேன். திரையில் 97 டிகிரி என்று காட்டியது. விரலுக்கோ சூடே தெரியவில்லை. செயலியில் உண்டாகும் வெப்பம் ஹீட்சிங்குக்கு வந்து சேரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மதர்போர்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது, கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் மூன்று மட்டுமே துளையைக் கடந்து முனை விரிந்து பற்றியிருந்தன. நான்காவது காலின் முனை முதல் தடவையே மடங்கிப் போயிருந்ததால், அதற்குப் பின் எத்தனை முறை அழுத்தியும் அது பாதித் துளையிலேயே நின்றிருக்கிறது. மேலிருந்து பார்க்கையில் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. முனையை நிமிர்த்தி, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டு கால்களை அழுத்திப் பொருத்திய பின், அதே காணொளி வேலையில் வெப்பநிலை 74 டிகிரியைத் தாண்டவில்லை. புதிய கூலரின் பெட்டியைப் பிரிக்கவே தேவை ஏற்படவில்லை.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன் வாசகர்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும் என்பதே என் கருத்து. வேலை தொடங்கியதும் வெப்பநிலை எவ்வளவு விரைவாக ஏறுகிறது? அவ்வாறு ஏறியிருக்கும் நேரத்தில் ஹீட்சிங்க் சூடாக இருக்கிறதா? செயலியின் சிலிக்கான் சில்லு விரல்நகத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான்; அதனால் தன்னுள் வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொள்ள முடியாது. கூலரோடு அதற்குச் சரியான தொடுகை இல்லையென்றால் நொடிக்கணக்கில் கொதித்துவிடும். அதற்கு மாறாக, அரைக் கிலோவோ ஒரு கிலோவோ எடையுள்ள உலோகத் தகடுகள் சூடேறச் சில நிமிடங்கள் பிடிக்கும். நீர்மத்தைப் பம்ப்பால் சுழற்றிக் குளிர்விக்கும் திரவக் கூலரில், அந்த நீர்மம் சூடேற அதைவிடவும் அதிக நேரமாகும். சட்டென்று ஏறி, ஹீட்சிங்க் குளிர்ந்தே இருந்தால், கோளாறு செயலிக்கும் கூலருக்கும் இடையில் இருக்கிறது: கால் பற்றாமல் இருக்கலாம், திருகு ஒரு பக்கம் மட்டும் இறுகியிருக்கலாம், கூலரின் அடியில் ஒட்டிய பாதுகாப்புத் தாளை உரிக்காமலே விட்டிருக்கலாம். மெதுவாக ஏறி, ஹீட்சிங்கும் கை வைக்க முடியாதபடி சுட்டால், வெப்பம் உலோகத்துக்கு வந்துவிட்டது, அதைக் கொண்டுபோகக் காற்றுதான் போதவில்லை என்று பொருள். பேஸ்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் இந்த இரண்டாவது கோளாறு தீராது.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நானும் வாசகர்களைத் தவறான வழியில் அனுப்பியவன் ஆவேன். அண்மைக்காலச் செயலிகள் சில, தொடுகை சரியாக இருந்தாலும் முழு வேலையில் நொடிகளில் உச்ச வெப்பத்தை எட்டிவிடும். 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் உயர்நிலைச் செயலிகள், வெப்ப வரம்பு இடம் கொடுக்கும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் 95 டிகிரியில் நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதே ஆண்டில் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே செயலியின் அதிகபட்ச மின்நுகர்வு 253 வாட். பல மதர்போர்டுகள் அந்த வரம்பையும் தாமாகவே தளர்த்திவிடுகின்றன. ஆதலால் டிகிரியை மட்டும் பார்க்காமல், கோர் டெம்ப் போன்ற மென்பொருளில் அந்த நேரத்து வாட் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 250 வாட்டில் 95 டிகிரி என்பது அந்தச் செயலியின் இயல்பு. 65 வாட்டில் 95 டிகிரி என்பது நிச்சயமாகக் கோளாறு. பயாஸ் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பு) திரையில் தெரியும் எண்ணைக் கண்டு அஞ்சுவதும் வேண்டாம். செயலியின் மின்சேமிப்பு நிலைகள் அங்கே முழுமையாக இயங்காததால், ஓய்வில் இருக்கும் கணினியைவிட அங்கே வெப்பம் கூடுதலாகவே காட்டும்.

தெர்மல் பேஸ்ட்டைத் தாராளமாக வைக்கச் சொன்னதும் எனக்கு உடன்பாடில்லை. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அவற்றில் காற்று அடைபட்டிருக்கும். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அந்தக் காற்றை வெளியேற்றிப் பள்ளங்களை நிரப்புவது மட்டுமே பேஸ்ட்டின் பணி. காற்றைவிட அது நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தினாலும், செம்போடு ஒப்பிட்டால் பல மடங்கு பின்தங்கியதே. எனவே பட்டாணி அளவு வைத்து, கூலரின் அழுத்தமே அதைப் பரப்பட்டும் என்று விடுவது போதும். பிதுங்கி வழியும் அளவுக்கு வைப்பதால் குளிர்ச்சி கூடாது. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்த பிறகே புதியதை வைக்க வேண்டும்.

ஏஎம்4 என்னும் பொருத்துமுனையில் அமரும் ரைசன் செயலி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அந்தச் செயலிகளின் அடியில் ஊசிகள் உண்டு. பேஸ்ட் இறுகிப்போயிருந்தால், கூலரை நேராகத் தூக்கும்போது செயலியும் அதோடு ஒட்டிக்கொண்டு பொருத்துமுனையிலிருந்து பிடுங்கி வந்து, ஊசிகள் வளைந்துவிடும். முதலில் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளகச் செய்யுங்கள். பிறகு கணினியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகியபின் தூக்குங்கள்.

காற்றுப் போதாத கோளாறுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கேபினட்டின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு, அதே வேலையை அதே நேரத்துக்கு ஓட்டிப் பாருங்கள். வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் குறைந்தால், கேபினட்டுக்குள் புதிய காற்று நுழையவில்லை என்று அறியலாம். குறையவே இல்லையென்றால் கூலரின் மின்விசிறியைப் பாருங்கள். அதன் இணைப்பு செயலி மின்விசிறிக்கான முனையில் மாட்டப்பட்டிருக்கிறதா, வீசும் திசை பின்பக்க மின்விசிறியை நோக்கி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பொதுவாக, இறக்கைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமாகவே காற்று வெளியேறும். மின்விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில் கம்பளி போலப் படியும் தூசி, மின்விசிறியைக் கழற்றினாலொழியக் கண்ணில் படாது. அதை ஊதி அகற்றும்போது இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. திரவக் கூலர் என்றால், ஒரு குழாய் சுடச்சுடவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் பம்ப் ஓடவில்லை என்று ஐயுறலாம். மின்விசிறிக்கு வைத்திருக்கும் குறைந்த வேக அமைப்பிலேயே பம்ப்பையும் ஓடவிடுவது பலர் செய்யும் பிழை. ரேடியேட்டரைவிட (நீர்மத்தின் வெப்பத்தைக் காற்றில் விடும் பகுதி) பம்ப் உயரத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் பம்ப்பில் வந்து தங்கிக் களகளவென்று ஒலிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் வெப்பம் குறையவில்லையென்றால்கூடப் பெரிய கூலருக்கு முன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பயாஸில் மின்நுகர்வு வரம்பை உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவுக்கே இறக்கிவிடலாம். உயர்நிலைச் செயலிகளில் கடைசிச் சில விழுக்காடு வேகத்துக்காகவே மின்சாரத்தின் பெரும்பகுதி எரிகிறது என்பதால், அன்றாட வேலைகளில் வேறுபாடு தெரிவது அரிது.

கட்டுரையாளர் அடுத்த பகுதியை எழுதுகையில், கூலர்களின் பட்டியலுக்கு முன்பாக இந்தச் சோதனைகளுக்கும் சிறிது இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருத்திய கூலரின் கால்கள் மதர்போர்டின் பின்புறத்தில் எவ்வாறு தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு படமும் வெளியிட்டால் மிகவும் பயனுள்ளதாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்