திரையிடல் செயலியில் தவறான நாள், தவறான பதிப்பு: சந்தாவைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். திரைப்பட விழாக்களின் காட்சி நேரங்களைக் காட்டும் உங்கள் திரையிடல் வழிகாட்டிச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருப்பவன் நான். அரட்டைப் பெட்டியில் எழுதி, தொலைபேசியில் பேசி, மின்னஞ்சல் அனுப்பி, எல்லாம் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிய புகார் எண் தருகிறீர்கள். பழைய எண்ணைச் சொன்னால் "அது குளோஸ் ஆயிடுச்சு" என்கிறார்கள். எதைத் தீர்த்து மூடினீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. திரையரங்கைக் கேளுங்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள், செயலிக்காரர்களைக் கேளுங்கள் என்று திரையரங்கு சொல்கிறது.

முதலில் நள்ளிரவுக் காட்சி. விழா நிரலில் "சனி 00.15" என்று சரியாகவே அச்சிட்டிருந்தார்கள். அதாவது வெள்ளி இரவு கடைசிக் காட்சி முடிந்து, கூட்டம் கலையாமல் அப்படியே உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். உங்கள் 'என் வரிசை' பக்கம் அதைச் சனிக்கிழமைப் பட்டியலில் 9.30 மணிக் காட்சிக்குக் கீழே, "இரவு 12.15" என்று வைத்தது. அதைப் பார்க்கிற எவரும் சனி இரவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். போதாததற்குச் சனி மாலை உங்கள் நினைவூட்டலும் வந்தது: "இன்றிரவு 12.15, மறக்காதீர்கள்." போய்ப் பார்த்தால் அரங்கம் பூட்டியிருக்கிறது. படம் முந்தின இரவே ஓடி முடிந்துவிட்டது.

இதைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது உங்கள் ஊழியர் கேட்டது: "சனிக்கிழமைன்னுதானே சார் போட்டிருக்கு, காலண்டர் பாக்கத் தெரியாதா?" நினைவூட்டல் வந்ததே என்றேன். "அது ஆட்டோமேட்டிக்கா வர்றது, அதையெல்லாம் நம்பக் கூடாது" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். நம்பக் கூடாத நினைவூட்டலை எதற்காக அனுப்புகிறீர்கள்? அந்த உரையாடல் உங்களிடம் பதிவாகியிருக்கும், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. அதிகாலை 4 மணிக்குள் தொடங்கும் எந்தக் காட்சியையும் முந்தின நாள் பட்டியலின் கடைசியில் வைத்து, "வெள்ளி நள்ளிரவு தாண்டி, சனி 00.15" என்று இரண்டு கிழமையையும் காட்டுங்கள். நினைவூட்டலைக் கிழமையை வைத்து அனுப்பாமல், காட்சிக்கு எத்தனை மணி நேரம் முன்பு என்று கணக்கிட்டு அனுப்புங்கள். நீங்கள் இறக்கித் தரும் காலண்டர் கோப்பிலும் நேர மண்டலத்தை, அதாவது அது எந்த நாட்டு நேரம் என்பதை, எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். வேறொரு நாட்டு விழா 24 மணி நேரத்துக்கு மட்டும் இணையத்தில் திறந்து வைக்கும் படம், உங்கள் கோப்பை நம்பினால் பல மணி நேரம் தள்ளிப்போய் நிற்கிறது. அதில் காட்டும் கடைசி நேரத்தை நம்பிக் காத்திருந்தால் அதற்குள் இணைப்பு மூடிவிடுகிறது.

அடுத்தது பதிப்பு. ஒரு படத்துக்கு ஒரே தகவல் அட்டை, ஒரே ஓடும் நேரம் என்று வைத்திருக்கிறீர்களே, பழைய படங்களுக்கு அது எப்படிச் செல்லும்? 1927-இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' என்ற மௌனப் படத்தின் காணாமல் போன பகுதிகள் 2008-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் கிடைத்தன. அவற்றைச் சேர்த்து 2010-இல் வெளியான பதிப்பு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும். அதற்கு முன் 2001-இல் மீட்டெடுத்த பதிப்பு இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ரசிகர் எதைப் பார்க்கப் போகிறார் என்று உங்கள் அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மௌனப் படங்களில் ஓட்டும் வேகமும் ஒன்றாக இருக்காது. நொடிக்கு 24 சட்டகத்தில் (ஃபிரேம்) 80 நிமிடம் ஓடும் பிரதியை 20 சட்டகத்தில் ஓட்டினால் 96 நிமிடம். உங்கள் திட்டமிடும் வசதி இரண்டு காட்சிக்கு நடுவில் 15 நிமிடம் விட்டால் போதும் என்கிறது. படத்துக்கு முன் அறிமுக உரை, பின் இயக்குநருடன் கேள்வி-பதில், அப்புறம் அடுத்த அரங்கத்துக்கு நடை, இவற்றில் எதையும் அது கணக்கில் எடுப்பதில்லை. காட்சி தொடங்கும் முன்பே காலி இருக்கைகளைக் காத்திருப்போர் வரிசைக்குக் கொடுத்துவிடும் விழாக்கள் பல. முன்பதிவு செய்தவர் பத்து நிமிடம் தாமதித்தால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

வசன வரி விஷயம் இதைவிட மோசம். ஹங்கேரியப் படம் ஒன்றுக்கு "சப்டைட்டில்: உண்டு" என்று போட்டீர்கள். அதே பக்கத்தில் 'தொழில்நுட்பம்' பொத்தானைத் தட்டினால் டிசிபி கோப்பின் (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியின்) பெயரை நீங்களே காட்டுகிறீர்கள், அதில் "எச்யூ-எக்ஸ்எக்ஸ்" என்று இருக்கிறது. முதல் இரண்டு எழுத்து பேச்சு மொழி, அடுத்த இடம் வசன வரியின் மொழி, எக்ஸ்எக்ஸ் என்றால் வசன வரியே இல்லை. பெரும்பாலும் வசன வரி 'விஎஃப்' என்ற துணைக் கோப்பில் தனியாக வரும். மூலமான 'ஓவி' கோப்பை மட்டும் ஏற்றி ஓட்டினால் திரையில் ஒரு எழுத்தும் வராது. திரையரங்கில் அதுதான் நடந்தது. கோப்புப் பெயரும் உங்கள் "உண்டு"வும் முரண்படும்போது எச்சரிக்கை காட்ட ஒரு சின்ன விதி போதும். இது தெரியாத நிறுவனம் இல்லை நீங்கள்.

அரங்க மாற்றமும் அப்படித்தான். டிசிபியைத் திறக்கும் கேடிஎம் சாவி ஒரு குறிப்பிட்ட சர்வருக்கும் குறிப்பிட்ட கால அளவுக்கும் மட்டும்தான் வேலை செய்யும். அரங்கம் மாறினால் புதிய சாவி வரும்வரை படம் ஓடாது. இந்தச் சாவிச் சிக்கலாலும் விழாக்களில் கடைசி நேர மாற்றம் சகஜம். விழாவின் இணையப் பக்கத்தில் பகலிலேயே அறிவிப்பு வந்துவிடுகிறது, உங்கள் செயலி காட்சி முடிந்த பிறகும் பழைய அரங்கத்தையே காட்டுகிறது. இருந்தும் காலண்டர் பார்க்கத் தெரியாதவர் என்ற பேச்சு வாங்கியது நான்!

இந்த ஆண்டு விழாவே எனக்குப் பாழாகிவிட்டது. அந்த நள்ளிரவுப் படம் ஃபிலிம் பிரதியில் ஒரே ஒரு காட்சி. ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பிப் போய்விட்ட பிரதி இனி வெளியே வருமா என்பதே சந்தேகம். சந்தாப் பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாலும் அந்த இழப்பு ஈடாகாது. ஆனாலும் முழுப் பணத்தையும் கேட்கிறேன், கூடவே தவறவிட்ட காட்சியின் நுழைவுச்சீட்டுத் தொகையையும். அந்த ஊழியர் பேசியதற்கு எழுத்தில் வருத்தம் தெரிவியுங்கள். அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, நள்ளிரவுக் காட்சி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுங்கள், அது போதும்.

உங்கள் செயலியை நம்பி விழாவுக்குப் போகிற ரசிகர்கள் ஏராளம். நிதானமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளவே எனக்கும் விருப்பம். பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். உங்களுக்கு நிரல் தரும் விழாக் குழுக்களுக்கும், அவர்கள் சரியாகக் கொடுத்த நேரத்தை நீங்கள் எப்படி மாற்றிப் போடுகிறீர்கள் என்று ஆதாரத்தோடு எழுதுவேன்.

நினைவூட்டல், 'என் வரிசை' பக்கம், கோப்புப் பெயர் ஆகியவற்றின் திரைப்பிடிப்புகளை இணைத்திருக்கிறேன். பழைய புகார் எண்களும் இருக்கின்றன, புதிதாக இன்னொரு எண் வேண்டாம். பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக அனுப்புங்கள், தொலைபேசியில் அழைத்தால் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஆண்டுச் சந்தாதாரர்