மாதிரிக் கல்லை அப்புறம் காட்டுங்கள்

வீட்டு வாசலில் கார் ஏறி இறங்கும் இடத்துக்குத் தளம் போட்டுத் தரும் ஒப்பந்ததாரர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும்,

வணக்கம். மழைநீரைக் கீழே விடும் தளம் வேண்டும் என்றால், உங்களில் பலர் முதலில் நீட்டுவது மாதிரிக் கல். நிறம், வடிவம், தாங்கும் எடை எல்லாம் சொல்கிறீர்கள். கீழே இருப்பது மணலா, களிமண்ணா என்று கேட்பவர் அரிது. தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடமோ அந்த மண்தான்.

இவ்வகைப் பேவர் பிளாக்கில் பெரும்பாலும் கல் தண்ணீரை விடுவதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்குதான் விடுகிறது. அந்த இடுக்கு ஏறக்குறைய 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். அதில் போக வேண்டியது மணல் அல்ல, சிப்ஸ் எனப்படும் தூசி இல்லாத சிறு ஜல்லி. இதைத் தெரிந்தவர்கள்கூட, கல் ஆடாமல் நிற்கட்டும் என்று அடியில் கிரஷர் தூசியையோ சிமென்ட் கலவையையோ விரித்துவிடுகிறார்கள். அதற்குமேல் எவ்வளவு விலை உயர்ந்த கல்லைப் பதித்தாலும் அது சாதாரணத் தளம்தான். பெயரை மட்டும் மாற்றிக் காசு வாங்குவது நியாயமில்லை.

செலவு போக வேண்டிய இடம் அடியில் இருக்கும் ஜல்லிப் படுகை. கீழே பெரிய ஜல்லி, அதன்மேல் முக்கால் இஞ்ச், கல்லுக்கு அடியில் சிப்ஸ். எல்லாம் கழுவிய ஜல்லி. நுண்தூள் இல்லாத ஜல்லிக்கு நடுவே ஏறத்தாழ 40 சதவீதம் வெற்றிடம் இருக்கும். ஆக, 30 சென்டிமீட்டர் படுகை 12 சென்டிமீட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதாவது தளத்தின்மேல் நேராக விழும் 120 மில்லிமீட்டர் மழை. மொட்டைமாடிக் குழாயையும் இதில் திருப்பிவிட்டால் கணக்கு மாறும். மாடியும் தளமும் ஒரே பரப்பு என்றால் தாங்குவது பாதி மழைதான். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் “எல்லாத் தண்ணியும் இறங்கிடும் சார்” என்று சொல்லாதீர்கள். படுகையின் அடித்தளமும் மட்டமாக இருக்க வேண்டும். சரிவாக இருந்தால் தண்ணீர் முழுதும் ஒரு மூலையில் போய் நிற்கும். மற்ற இடத்து ஜல்லி சும்மா கிடக்கும்.

எனவே விலை சொல்லும் முன் ஒரு குழி வெட்டுங்கள். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். மணிக்கு 13 மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்கும் மண் என்றால் படுகைக்குள் துளையிட்ட வடிகுழாய் ஒன்று வேண்டும். களிமண் என்பதற்காக வேலையையே கைவிட வேண்டியதில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி வருகிற பக்கம் மட்டும் கவனம்: அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டருக்குள் என்றால் நீர்புகாத விரிப்பு போட்டுத் தடுங்கள். கிணறோ செப்டிக் டேங்கோ அருகில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

துளைக் கான்கிரீட், அதாவது தண்ணீர் தன் வழியே இறங்கும் கான்கிரீட், போடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. அதில் 15 முதல் 25 சதவீதம் வரை துளை இருப்பதுதான் அதன் உயிர். பார்க்க அழகாக இல்லை என்று கரணையால் தேய்த்து மெழுகினால் துளை மூடிக்கொள்ளும். தண்ணீரைக் கூட்டினாலும் அதே கதி; சிமென்ட் பால் அடியில் இறங்கி அடைத்துவிடும். போட்டவுடன் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, 7 நாளாவது திறக்காமல் விடுங்கள். (இடையிடையே புல் வளர விடும் கட்டச் சட்டத்தைப் பரிந்துரைப்பவர்கள், கார் நாள்முழுதும் அங்கேயே நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிழலில் புல் நிற்காது.)

வீட்டு வேலை முழுதும் முடிந்து, மண் லாரி வருவது நின்ற பிறகே இந்த வேலையைத் தொடங்குங்கள். அதற்கு முன் அந்த இடத்தில் ரோலரோ லாரியோ ஏறினால் அடிமண் இறுகி, நீர் இறங்குவது குறைந்துவிடும். முடித்த பிறகு அதன்மேல் மணல் குவித்துக் கலவை போடுபவர் வேறு யாராக இருந்தாலும் தடுக்க வேண்டியவர் நீங்கள். வீட்டுக்காரருக்கும் சொல்லிக்கொடுங்கள்: இலை, தூசியை அடிக்கடி கூட்டி எடுக்க வேண்டும், இடுக்கு அடைத்தால் உறிஞ்சும் இயந்திரத்தால் மேல் ஜல்லியை எடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும்.

கடைசித் தவணைக்கு முன் ஒரு சோதனை வையுங்கள். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தைத் தளத்தில் வைத்து, விளிம்பை பிளம்பர் புட்டியால் அடைத்து, அளந்த தண்ணீரை ஊற்றி, இறங்கும் நேரத்தைக் குறிப்பது. அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மில் துளைக் கான்கிரீட்டுக்கு சி1701, பேவருக்கு சி1781 என்று முறை வகுத்தே இருக்கிறது. கிடைத்த அளவை ரசீதில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி அளந்து பார்க்க எங்களுக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
வாசலில் தளம் போட ஆள் தேடும் ஒரு வீட்டுக்காரர்