கூட்டா எழுதுற மென்பொருள் செய்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒரே டாக்குமெண்ட்ல பத்து பேர் ஒரே நேரத்துல எழுதலாம், கமெண்ட் போடலாம், திருத்தலாம்னு ஆப் செய்றீங்கல்ல, உங்களுக்குத்தான் இதை எழுதுறேன். பெரிய கம்பெனில இருக்குற டிசைனரா இருந்தாலும் சரி, வேலை முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து ஓப்பன் சோர்ஸ்க்கு கோட் எழுதுறவங்களா இருந்தாலும் சரி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

நாங்க படிச்ச கவர்மெண்ட் ஸ்கூலுக்கு நூறு வருஷம் ஆச்சுன்னு ஒரு மலர் போட பழைய மாணவர்கள், ரிட்டயர்டான டீச்சர்ஸ்னு 14 பேர் சேர்ந்தோம். சிலர் ஊர்லயே இருக்காங்க, சிலர் கோயம்புத்தூர், ரெண்டு பேர் மஸ்கட். எல்லா கட்டுரையும் ஒரே ஆன்லைன் டாக்குமெண்ட்ல வரட்டும், அங்கயே திருத்திக்கலாம்னு சொன்னது நான்தான், எல்லாத்தையும் செட்டப் பண்ணதும் நான்தான். எனக்கு அது ரொம்ப வசதியாவே இருந்துச்சு. யார் எழுதிட்டாங்க, யார் இன்னும் எழுதலைன்னு ஒரே இடத்துல தெரியுது இல்லையா. மத்த 13 பேருக்கு அது வசதியா இல்லைன்னு புரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

எங்க தமிழய்யாவுக்கு 74 வயசு. பேப்பர்ல எழுதி வச்ச கட்டுரையை ஃபோன்ல மெதுவா டைப் பண்ணி வச்சிட்டு, நான் அனுப்புன லிங்க்கை தொட்டிருக்கார். ஆப் இறக்குன்னு கேட்டிருக்கு, இறக்கிட்டார். அப்புறம் பார்த்தா அந்த ஃபோன்ல லாகின் ஆகி இருந்தது அவர் பையனோட மெயில், நான் சேர்த்திருந்தது அவரோட மெயில். உங்களுக்கு அனுமதி இல்லைன்னு ஒரு வெள்ளைப் பக்கம் வந்திருக்கு, கீழ அனுமதி கேட்க ஒரு பட்டன். அதையும் அமுக்கிட்டார். அந்த வேண்டுகோள் என் மெயில் பாக்ஸ்ல நோட்டிஃபிகேஷன் எல்லாம் போய் விழுற ஒரு மூலைல விழுந்து கிடந்துச்சு, நான் பார்த்தது நாலு நாள் கழிச்சு. அதுக்குள்ள அவர் வீட்ல சொல்லியிருக்கார், "நம்ம கட்டுரை அவங்களுக்கு வேணாம் போலருக்கு"ன்னு. அய்யாவோட வீட்டம்மா ஃபோன் பண்ணி இதை சொன்னப்ப எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல. எனக்கு எழுத்து சொல்லிக்குடுத்த மனுஷனை வாசல்ல நிக்க வச்ச மாதிரி ஆயிடுச்சு.

அந்த ஒரு பக்கத்தை யாராவது அவர் இடத்துல இருந்து யோசிச்சு பார்த்தீங்களா? நீங்க இந்த மெயில்ல வந்திருக்கீங்க, உங்களை அழைச்சது வேற மெயில்லன்னு சொல்லலாமே. உங்க வேண்டுகோள் இன்னார்கிட்ட போயிருக்கு, அவர் இன்னும் பார்க்கலைன்னு சொல்லலாமே. அதுவரைக்கும் இங்க எழுதி வைங்க, அனுமதி வந்ததும் நாங்களே சேர்த்துடுறோம்னு ஒரு பெட்டி வைக்கலாமே. டாக்குமெண்ட் யாரோடதுன்னு வெளியாள்கிட்ட சொல்லக்கூடாதுன்னு பாதுகாப்பு காரணம் சொல்வீங்க, சரிதான், ஆனா லிங்க்கை அனுப்புனவங்களே "வர்றவங்களுக்கு என் பேர் தெரியலாம்"னு வச்சுக்க வழி குடுத்தா போதும்.

அடுத்தது கமெண்ட். சத்துணவு அமைப்பாளரா இருந்த ஒரு அக்கா எழுதுன கட்டுரைல, இது எந்த வருஷம், அப்ப ஹெச்எம் யாருன்னு ப்ரூஃப் பார்க்குறவர் 11 கமெண்ட் போட்டிருந்தார். ஒவ்வொரு கமெண்ட்லயும் ஒரு டிக் இருக்கும்ல, அக்கா எல்லாத்தையும் தொட்டுட்டாங்க. வாட்ஸப்ல டிக்னா போயிடுச்சு, நீல டிக்னா படிச்சாச்சு. அவங்க படிச்சாச்சுன்னு சொன்னாங்க, சாஃப்ட்வேர் விஷயம் முடிஞ்சதுன்னு எடுத்துக்கிட்டு 11 கமெண்ட்டையும் மறைச்சிடுச்சு. பதில் வந்தாச்சுன்னு ப்ரூஃப் பார்க்குறவர் நினைச்சார். ரெண்டு இடத்துல வருஷமே இல்லாம மலர் அச்சாகி வந்துச்சு. அக்கா செஞ்சதுல ஒரு தப்பும் இல்லைங்க, தினம் கையில வச்சிருக்குற ஆப் அந்தக் குறிக்கு ஒரு அர்த்தம் சொல்லிக்குடுத்திருக்கு, நீங்க அதே குறிக்கு வேற அர்த்தம் வச்சிருக்கீங்க.

ஜொனதன் க்ரூடின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1988லயே இந்த மாதிரி கூட்டு மென்பொருள் ஏன் தோத்துப்போகுதுன்னு எழுதியிருக்கார். அவர் சொன்ன முக்கியமான காரணம், கூடுதல் வேலை ஒருத்தருக்கு, பலன் இன்னொருத்தருக்கு. மீட்டிங் நேரம் தானா பிடிச்சு குடுக்குற காலண்டரை அவர் உதாரணமா காட்டுறார், மீட்டிங் கூப்பிடுற மேனேஜருக்கு அது வசதி, ஆனா அதுக்காக எல்லாரும் தன் காலண்டரை ஒழுங்கா நிரப்பி வைக்கணும். எங்க மலர் கதையும் அச்சு அசல் இதேதான். பலன் எனக்கு, பாரம் அய்யாவுக்கும் அக்காவுக்கும். ஆப்பை தேர்ந்தெடுக்குறது, காசு குடுக்குறது, உங்களுக்கு ஃபீட்பேக் எழுதுறது எல்லாமே என்னை மாதிரி ஏற்பாடு பண்றவங்கதான், அதனால உங்க காதுல விழுறது எங்க குரல் மட்டும்தான். மத்தவங்க புகார் சொல்ல மாட்டாங்க, பேசாம வாட்ஸப்புக்கு போயிடுவாங்க.

டெக்னாலஜி இல்லாம இல்ல. டக்ளஸ் எங்கெல்பார்ட்னு ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் 1968 டிசம்பர் 9 அன்னைக்கே சான் ஃபிரான்சிஸ்கோ மேடைல உக்காந்துக்கிட்டு, 30 மைல் தள்ளி மென்லோ பார்க்ல இருந்தவரோட ஒரே திரையில சேர்ந்து வேலை செஞ்சு காட்டியிருக்கார். ரெண்டு பேர் ஒரே வரியை திருத்துனா எப்படி சேர்க்குறதுன்னு எல்லிஸ், கிப்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1989ல வழி எழுதி வச்சாங்க. அப்புறமும் 2009 மே மாசம் அவ்வளவு ஆரவாரமா அறிவிச்ச கூகுள் வேவ்ங்குற கூட்டா எழுதிப் பேசுற ஆப்பை 2010 ஆகஸ்ட்ல நிறுத்த வேண்டியதாச்சு, எதிர்பார்த்த அளவு ஜனங்க வரலைன்னு அவங்களே சொன்னாங்க. நீங்க டைப் பண்ற ஒவ்வொரு எழுத்தும் அடுத்தவருக்கு அப்பவே தெரியும்ங்குறது அதுல பெரிய விஷயமா பேசப்பட்டுச்சு. ஒரு வாக்கியத்தை நாலு தடவை அழிச்சு எழுதுறவருக்கு அது எவ்வளவு கூச்சமா இருக்கும்! எங்க குழுவுல ரெண்டு பேர் வேற யாராவது உள்ள இருந்தா எழுதவே மாட்டாங்க, கலர் கலரா கர்சர் ஓடுறதை பார்த்தாலே வெளிய வந்துடுவாங்க. தனியா எழுதி, திருப்தியானதும் எல்லாருக்கும் காட்டுற மாதிரி ஒரு வழி கண்ணுக்கு முன்னாடி இருக்கணும், மெனுவுக்குள்ள தேட விடாதீங்க.

தமிழ் எழுத்து பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இதை நீங்க கவனிச்ச மாதிரியே தெரியல. "கோ"ங்குற எழுத்தை யூனிகோட்ல (கம்ப்யூட்டர் எல்லா மொழி எழுத்தையும் சேமிக்குற பொது முறை) ரெண்டு விதமா வைக்கலாம், க கூட ஓகாரக் குறியை ஒரே குறியா சேர்க்கலாம், இல்லைன்னா ஏகாரக் குறியும் காலும் தனித்தனியா சேர்க்கலாம். ரெண்டும் சமம்னு யூனிகோட் விதியே சொல்லுது, கண்ணுக்கும் ஒண்ணாதான் தெரியும். ஆனா எங்க டாக்குமெண்ட்ல பழைய ஃபான்ட்ல இருந்து மாத்திக் கொண்டுவந்த பகுதில "கோவில்"னு தேடுனா கிடைக்கல, எதுவுமே மாறாத வரியை மாறிடுச்சுன்னு கலர் போட்டு காட்டுச்சு. சேமிக்குறதுக்கு முன்னாடி ஒரே வடிவத்துக்கு கொண்டுவர்ற நார்மலைசேஷன் பெரும்பாலான ப்ரொகிராமிங் மொழிகள்ல கிடைக்குதே, அதை கூப்பிட்டா போதும். இன்னொண்ணு, "நி"யை "நீ"ன்னு திருத்துனா குறியை மட்டும் வெட்டி தனி கலர்ல காட்டுறீங்க, அது பக்கத்துல புள்ளி வட்டம் வந்து நிக்குது. அய்யா அதைப் பார்த்துட்டு ஃபோன் கெட்டுப்போச்சான்னு கேட்டார். எழுத்துங்குறது எங்களுக்கு "நீ" முழுசும்தான், பாதி எழுத்தை திருத்துறதுன்னு ஒண்ணு கிடையாது.

பயம்தான் இதுல பெரிய தடைன்னு எனக்கு தோணுது. நான் ஏதாவது தொட்டு எல்லாருடையதும் அழிஞ்சிடுமோன்னு. வார்டு கன்னிங்ஹாம்னு ஒரு ப்ரொகிராமர் 1995ல முதல் விக்கியை, அதாவது படிக்க வர்றவங்களே திருத்தக்கூடிய வெப்சைட்டை, போட்டார் (ஹொனலுலு ஏர்போர்ட்ல ஓடுன பஸ்ஸோட பேரை வச்சார், ஹவாய் மொழில விக்கின்னா சீக்கிரம்), அந்த வழில வந்த விக்கிப்பீடியால கம்ப்யூட்டர்ல எந்தக் கட்டுரைக்குப் போனாலும் வரலாறுன்னு ஒரு இடம் மேலயே இருக்கும், யார் எதை கெடுத்தாலும் பழையபடி கொண்டுவந்துடலாம். உங்க ஆப்லயும் அது இருக்கு, ஃபோன்ல மூணு மெனு தாண்டி இருக்கு. எழுத வர்றவருக்கு முதல் நாளே அது தெரிஞ்சா கை நடுங்காது.

கடைசியா ஒரு வேண்டுகோள். யூசர் டெஸ்ட் பண்றப்ப, அதாவது ஜனங்க கையில ஆப்பை குடுத்து சோதிக்குறப்ப, தயவுசெஞ்சு "எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க. எங்க ஊர்ல வீட்டுக்கு வந்த பிள்ளைகிட்ட யாரும் குறை சொல்ல மாட்டாங்க, "நல்லாருக்கு தம்பி"ன்னு சொல்லி காப்பி குடுத்து அனுப்புவாங்க. பக்கத்துல உக்காந்து வாயைத் திறக்காம பாருங்க. அஞ்சு பேரை வச்சு பார்த்தாலே பெரும்பாலான சிக்கல் வெளிய வந்துடும்னு ஆப், வெப்சைட் எல்லாம் பயன்படுத்த எளிசா இருக்கான்னு ஆராய்ச்சி பண்ற ஜேகப் நீல்சன் 2000லயே எழுதியிருக்கார். அந்த அஞ்சு பேர்ல மூணு பேராவது லிங்க் வந்ததால மட்டுமே உள்ள வந்தவங்களா இருக்கட்டும்.

அய்யாவோட கட்டுரை மலர்ல வந்துச்சு. வாட்ஸப்ல 19 வாய்ஸ் மெசேஜா அனுப்பினார், நான் கேட்டு டைப் பண்ணேன். இப்ப ஸ்கூல் லைப்ரரி பத்தி ஒரு சின்ன புத்தகம் போடுறோம், அவர் மறுபடியும் எழுதுறேன்னு சொல்லியிருக்கார். தை மாசம் லிங்க் அனுப்பணும். அவர் அதை தொட்டதும் எழுத இடம் வரணும், அவ்வளவுதான் நான் உங்ககிட்ட கேக்குறது.

அன்போட,
அந்த ஸ்கூலோட பழைய மாணவன்