எமது போளை சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிருவாக சபையினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டம் முதல் இன்று வரை, சிறுவர் உருட்டி விளையாடும் கோலிக்குண்டுகளான பழைய கண்ணாடிப் போளைகளைத் தேடியும், இனங்கண்டும், பதிவு செய்தும் நாம் ஆற்றிய பணிகளை இவ்வறிக்கையில் சமர்ப்பிக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோலச் சனசமூக நிலையத்தில் நடைபெற்றன. வீதியை வெள்ளம் மூடியதால் மார்கழிக் கூட்டம் மட்டும் தவறியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டும் எமது தேடல் பெரும்பாலும் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஆகிய இடங்களின் பழைய இரும்புக் கடைகளிலும், வற்றாப்பளைப் பொங்கலையும் மடுத் திருவிழாவையும் ஒட்டி முளைக்கும் தெருவோரக் கடைகளிலுமே நிகழ்ந்தது. எல்லாவற்றையும் நிறுத்து வாங்கும் இரும்புக் கடையில் போளைக்கு நிறையுமில்லை, விலையுமில்லை. ஆகவே அது மேசையில் இராது, ஆணியும் புரியாணியும் கிடக்கும் பேணியின் அடியில் கிடக்கும். திருவிழாக் கடைகளில் கிடைத்தவை ஏறத்தாழ அனைத்தும், தெளிந்த கண்ணாடியின் நடுவே நிற இதழ்கள் நிற்கும் பூனைக்கண் போளைகளே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1950களில், யப்பானிலிருந்து பெருந்தொகையாக உலகெங்கும் பரவிய வகை அது. இன்றும் செய்யப்படுவதால் பூனைக்கண் என்பதை மட்டும் வைத்து எதையும் பழையது எனப் பதியக் கூடாது.

இவ்வாண்டின் சிறந்த பேறு வவுனியாவில் ஒரு பால்மாப் பேணிக்குள் கிடைத்தது. துருவைத் துடைத்து வெயிலில் பிடித்தபோது, நடுவில் வெள்ளை இழைகள் வலைபோல முறுகி நிற்க, அவற்றுக்கு வெளியே சிவப்பும் மஞ்சளுமான பட்டைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுற்றிச் செல்வதைக் கண்டோம். இரு முனைகளிலும் நகத்தால் தடவினால் தட்டுப்படும் சிறு சொரசொரப்பு இருந்தது. அது கையால் செய்த பழைய ஜேர்மன் போளை என்பதற்கு அந்தச் சொரசொரப்பே எமக்கு முதன்மையான சான்று. ஜேர்மனியின் துரிங்கியா மலைப் பகுதியிலுள்ள லவுஷா ஊரின் கண்ணாடித் தொழிலாளர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, நிற இழைகள் பதித்த கண்ணாடித் தண்டைச் சூட்டில் முறுக்கி, ஒரு பக்கத்தில் கிண்ணம் போன்ற குழியுள்ள கத்தரிக்கோலால் உருட்டி வெட்டிப் போளை செய்தனர். வெட்டிய இடம் தழும்பாக நின்றுவிடும். பின்னர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் போளை உருட்டும் இயந்திரத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். முதலாம் உலகப் போருடன் ஜேர்மன் கைத்தொழில் தளர, இயந்திரப் போளைகள் சந்தையைப் பிடித்தன. இயந்திரத்தில் உருண்டு வந்த போளையில் அத்தகைய வெட்டுத் தழும்பு இராது.

இவ்விடத்தில் எனது தவறு ஒன்றை உறுப்பினர்களின் நன்மைக்காகப் பதிவு செய்ய வேண்டியுள்ளது. ஆண்டின் தொடக்கத்தில் எனது சொந்தச் சேகரிப்பிலிருந்த ஒரு முறுக்குப் போளையில் பிறை வடிவக் காயங்கள் மிகுந்திருந்ததால், அதனைக் கல் பட்டை தீட்டும் ஒருவரிடம் கொடுத்து மெருகேற்றினேன். அது பளபளப்பாகத் திரும்பி வந்தது. ஆனால் மேற்படை முழுவதும் தேய்ந்ததால் இரு முனைத் தழும்புகளும் போய்விட்டன. நாற்பது ஆண்டுகள் என்னிடமிருந்த ஒன்றின் சான்றை நானே அழித்துவிட்டேன். காயம்பட்ட போளையைக் காயத்தோடே வைத்திருக்க வேண்டும் என்பதையும், இளஞ்சூட்டு நீரும் மென்மையான துணியும் தவிர வேறெதுவும் அதன்மேல் படக் கூடாது என்பதையும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். காசுத்தாள் சோதிக்கும் ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் போளை பழையது எனச் சிலர் நம்புகின்றனர்; அது கண்ணாடியில் யுரேனியம் போன்றவை கலந்திருக்கலாம் என்பதைக் காட்டுமே தவிர, வயதைக் காட்டாது.

சோடாப் போத்தல் போளைகள் சிலவும் சேர்ந்தன. ஆங்கிலேயரான ஹைரம் கொட் 1870களில் காப்புரிமை பெற்ற அப்போத்தலில், உள்ளிருக்கும் வாயுவே போளையை மேலே தள்ளிக் கழுத்திலுள்ள இறப்பர் வளையத்தில் இறுக்கி மூடும். அந்தப் போளைக்காகவே சிறுவர்கள் போத்தலை உடைத்தனர். ஆகவே போளை தனியாகக் கிடைக்கிறது, முழுப் போத்தல் கிடைப்பதரிது. கோலமற்ற வெளிர்பச்சை உருண்டைதான் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

பாரிசில் வாழும் உறுப்பினர் ஒருவர், அந்நகரின் வடக்கு எல்லையிலுள்ள சென்-துவான் சந்தையிலிருந்து படங்கள் அனுப்பினார். இத்தகைய சந்தையைப் பிரெஞ்சு மொழியில் தெள்ளுச் சந்தை என்பர். அங்கு விற்பவர் போளையை வகை பிரித்து வைத்திருக்கிறார், பெறுமதியும் அறிந்திருக்கிறார். இங்கு விற்பவர் அறியார். ஆகவே அரிய போளையைக் கண்டால், அது இன்னதென்று கடைக்காரருக்குச் சொல்லியே விலை பேச வேண்டும் என நிருவாக சபை தீர்மானித்தது. இதனால் ஒரு போளை எமக்குக் கிடைக்காமற் போனது. ஆயினும் தீர்மானம் சரியானதே என்பது எனது உறுதியான கருத்து.

புதுக்குடியிருப்பில் ஒரு தாயார் தகரப்பேணி நிறையப் போளை வைத்திருப்பதாக அறிந்து சென்றோம். 2009இல் இடம்பெயர்ந்தபோது மகன் கைவிட மறுத்ததால், உடுப்புகளோடு அந்தப் பேணியையும் செட்டிகுளம் முகாம் வரை சுமந்ததாகச் சொன்னார். “இது விக்கிறதுக்கில்லைத் தம்பி. கனடாவிலையிருந்து அவன் கேட்டால் சொல்லவேணும், ஒருக்கா எண்ணித் தாங்கோ” என்றார். பாயில் கொட்டி எண்ணினோம், 41 இருந்தன. அனைத்தும் பூனைக்கண், சந்தையில் விலை போகாதவை. ஒவ்வொன்றையும் படமெடுத்து, எங்கே வாங்கியது, யார் விளையாடியது, எவ்வழியே சென்று திரும்பியது என்ற விபரங்களுடன் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பேணியை அவரிடமே கொடுத்தோம். வீடு வாசலோடு பொருள்களும் அழிந்த எமது மண்ணில், எங்கிருந்து வந்தது என்று எழுதப்படாத போளை, எத்தனை அழகாயினும், பாதிப் பொருள்தான். லவுஷாப் போளைக்கு வவுனியாக் கடை வரையே எம்மால் எழுத முடிந்தது. பேணியைக் கடைக்குக் கொண்டுவந்தவரைத் தேடுகிறோம்.

இடிந்த வீடுகளிலும் பழைய குப்பைக் குழிகளிலும் தோண்டும் ஆர்வம் இளம் உறுப்பினரிடம் காணப்படுகிறது. மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத நிலத்தில் எவரும் கால் வைக்கக் கூடாது. இனந்தெரியாத உலோகப் பொருள் எதையும் தொடாது உடனே அறிவிக்க வேண்டும். மாந்தையில் 1980களின் முற்பகுதியில் நடந்த அகழாய்வில் பழங்காலக் கண்ணாடி மணிகள் கிடைத்தன என்பதற்காக அங்கே தேடிச் செல்வதும் தகாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் அகழ்வது குற்றமாகும்.

வரும் ஆண்டுக்கு, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் இரு உருப்பெருக்கிக் கண்ணாடிகள் வாங்கவும், பதிவேட்டின் பிரதியொன்றை வாசிகசாலையில் வைக்கவும் சபையின் அனுமதியைக் கோருகிறேன். வைகாசியில் வற்றாப்பளைக்குச் செல்ல விரும்புவோர் இன்றே பெயர் தர வேண்டும்.

செயலாளர்