இரண்டு பெருவிரல் கையுறை

அன்புள்ள குஞ்சுவுக்கு,

நீ எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஆள் என்பதால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். சொல்லத் தொடங்கினால் "தெரியும் அம்மா, தெரியும்" என்றபடி நீ பாத்திரம் கழுவுவது எனக்குக் கேட்கும். கடிதம் என்றால் அதைப் பிடிக்க ஒரு கையாவது சும்மா இருக்க வேண்டும்.

வடநோர்வேயின் அல்தாவில் இருந்து ஐந்து நாள், பனியில் ஆளுக்கொரு நாய்வண்டி, நீயே ஓட்டப் போகிறாய் என்று சொன்ன அன்று அப்பாவுக்கு நித்திரை இல்லை. கீழ்வீட்டுக்காரரின் நாய் நின்றால் லிப்டில் ஏறாமல் ஏழு மாடியும் படியால் ஏறி வந்த பிள்ளை இது என்று விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நாயில் பயமில்லை. உன்னுடைய ஒரு சொல்லில்தான் பயம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உடுப்பு.

பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம். நீ அனுப்பிய பட்டியலில் "தேர்மோ உடுப்பு" என்று மட்டும் இருக்கிறது, அது போதாது. தோலோடு படுவதெல்லாம் கம்பளியாக இருக்க வேண்டும், உள்ளாடை உட்பட. மேடு வந்தால் நீ இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். அப்போது வியர்க்கும். மேலே ஏறி நின்றதும் அந்த ஈரம் பருத்தியில் தங்கி உன் சூட்டைக் குடித்துவிடும். கம்பளி நனைந்தாலும் கைவிடாது. மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று, அதற்கு மேல் காற்றுப் புகாத சூட். அந்தப் பெரிய சூட்டையும் சப்பாத்தையும் அங்கேயே தருவார்கள் என்று சொன்னாய். சப்பாத்துக் கேட்கும்போது உன் அளவைச் சொல்லாதே, ஒன்றிரண்டு அளவு பெரிதாகக் கேள். தடித்த காலுறை போட்ட பிறகும் உள்ளே விரல்கள் ஆட வேண்டும். இறுக்கினால் இரத்தம் ஓடாது; பிறகு நாலு காலுறை போட்டும் பிரயோசனமில்லை.

தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. வெறுங்காதோடு வெளியே போகாதே என்று இருபது வருடம் உன்னைப் பேசின தாய்தான் இதையும் சொல்கிறேன். உலோகம் குளிரைக் கொண்டுவந்து காதிலேயே வைத்துவிடும். கழுத்துச் சங்கிலிக்கும் இதே கதைதான்.

வார்டோவில் பதினொரு வருடம் இருந்தவ, இவவுக்குக் குளிர் தெரியாதா என்று நினைப்பாய். வார்டோக் குளிர் வேறு. அது தீவு, சுற்றிவர உறையாத கடல். நடுப் பனிக்காலத்திலும் பெரும்பாலும் மைனஸ் ஐந்து, ஆறு என்றுதான் இருக்கும். ஆனால் காற்று ஆளை மதிலோடு சாத்தும். நீ போகிற பின்மார்க் மேட்டுநிலம் கடலை விட்டு உள்ளே இருக்கிறது. நோர்வேயில் இதுவரை அளந்த கடுங்குளிர் அந்தப் பக்கம் காராஷோக்கில்தான்: 1886 ஜனவரி முதலாம் திகதி, மைனஸ் 51.4. மார்ச்சில் அவ்வளவு வராது. ஆனால் இரவில் மைனஸ் 25 வந்தால் அதிசயப்படாதே. அந்த வறண்ட குளிர் ஏமாற்றும். வெயில் எறிக்கும், வானம் நீலமாக இருக்கும், இவ்வளவுதானா என்றிருக்கும். வண்டி ஓடத் தொடங்கியதும் காற்றை நீயே உண்டாக்குகிறாய். மைனஸ் 15இல் செக்கனுக்குப் பத்து மீற்றர் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 27 மாதிரி. யொட்கா விடுதியில் இருந்து மொல்லிஷொக்குக்குப் போகும் வழியில் இயெஷ்யாவ்ரி வரும். பின்மார்க்கிலேயே பெரிய ஏரி அது. உறைந்த ஏரியில் காற்றை மறிக்க ஒரு பற்றையும் கிடையாது. முகத்தை அங்கே போய் மூடாதே, ஏரிக்கு வரும் முன்னரே மூடு.

இனி நாய்கள். படங்களில் வருகிற நீலக்கண், பஞ்சு மயிர்ச் சைபீரிய நாயை எதிர்பார்த்துப் போகாதே. அங்கே வண்டி இழுப்பது பெரும்பாலும் அலாஸ்கா ஹஸ்கி. ஓட்டத்துக்கென்று கலந்து கலந்து வளர்த்த நாய், ஒன்றைப்போல் ஒன்று இராது. இருபது இருபத்தைந்து கிலோதான் இருக்கும். பார்த்தால் நம்முடைய ஊர்நாய் மாதிரி மெலிவு.

உனக்கு நாலு வயதாக இருந்தபோது கிர்க்கெனெஸுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நீ பிறந்த ஆஸ்பத்திரியைக் காட்டவென்று போன பயணம், உனக்கு ஞாபகமிராது. அப்போது பின்மார்க் நாய்வண்டி ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. 1981இல் தொடங்கிய ஓட்டம் அது. அந்தக் காலத்தில் அல்தாவில் கிளம்பி ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிரிவு கிர்க்கெனெஸ் வந்துதான் திரும்பியது. வைக்கோலில் நாய்கள் மூக்கை வாலுக்குள் புதைத்துச் சுருண்டு கிடந்தன. ஓட்டி வந்த பெண், தான் ஒரு வாய் சாப்பிடாமல், முழங்காலில் இருந்து ஒவ்வொரு பாதத்தையும் விரல் விரலாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாய்க்கும் நாலு பாதம், நீயே கணக்குப் பார். எங்களோடு வந்த கூட்டாளி அம்மாவிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "நாய் சொல்லாது. ஓடுகிற ஆசையில் நொந்தாலும் மறைச்சுக்கொண்டு ஓடும். நாங்கள்தான் தேடிப் பார்க்க வேணும்" என்றா. உன்னுடைய நாலைந்து நாய்க்கும் நீ அதைச் செய்ய வேண்டும். பாதத்தில் பனிக்கட்டி அடைத்திருக்கிறதா, விரலிடுக்கு வெடித்திருக்கிறதா, குட்டிச் சப்பாத்துக் கழன்றுவிட்டதா என்று ஒவ்வொரு தரிப்பிலும் பார்.

புறப்படும் முன் அவை போடுகிற சத்தத்தில் உனக்கு நெஞ்சு அடிக்கும். பயப்படாதே, அது கோபமில்லை, அந்தரம். வார் மாட்டிய நாயை வண்டிக்குக் கொண்டு போகும்போது முன்னங்காலைத் தூக்கிப் பின்னங்காலில் நடத்திக்கொண்டு போ என்று காட்டித் தருவார்கள். நாலு காலும் நிலத்தில் பட்டால் அது உன்னை இழுத்துக்கொண்டு போய்விடும். கயிற்றை அவிழ்த்த அடுத்த நொடி அவ்வளவு சத்தமும் நின்று சறுக்குக்கட்டையின் சரசரப்பு மட்டும் கேட்குமாம். போய் வந்தவர்கள் எல்லோரும் அந்த அமைதியைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

விழுவாய். எல்லோரும் விழுவார்கள். விழுந்தாலும் வண்டியின் கைப்பிடியை விடாதே. விட்டால் நாய்கள் நீயில்லாமலே அடுத்த விடுதிக்குப் போய்ச் சேரும், உன் தேத்தண்ணிப் போத்தலோடு. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி போ. இல்லாவிட்டால் இழுகயிறு தளர்ந்து, வண்டி பின்னால் ஓடுகிற இரண்டு நாய்களின் காலில் ஏறும். நின்றால் ஒரு கால் எப்போதும் பிரேக்கில் இருக்கட்டும், பனி நங்கூரத்தை, வண்டியை நிறுத்தி வைக்கிற அந்தக் கொக்கியை, குத்தி மிதித்த பிறகும். ரெயின்டியர் கூட்டம் கண்டால் வழிகாட்டி சொல்கிறபடி நில். அவை சாமி என்கிற இந்த வடக்குப் பழங்குடி மக்களின் சொத்து. நாய்க்கு அவற்றைத் துரத்துவதைப் போல ஆசை வேறொன்றுமில்லை.

இதற்கெல்லாம் துடையிலும் கையிலும் பலம் வேண்டும். இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. ஜிம்முக்குக் காசு கட்டுவது உன் விருப்பம். படியால் ஏறு, உனக்கு அந்த அனுபவம் உண்டு.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் நாய்களுக்குத்தான். வார் கழற்றி, சங்கிலியில் மாற்றி, இறைச்சியும் கொழுப்பும் போட்ட சுடுதண்ணீர்க் கஞ்சி ஊற்றிய பிறகுதான் மனிதருக்கு. அவை வெறுந்தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காதாம், அதுதான் இறைச்சி வாசனை காட்டிக் குடிக்க வைப்பது. நீயும் அதே இனம். கழிப்பறைக்குப் போகப் பஞ்சிப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, உடம்பில் நீர் குறைந்தால் குளிர் இன்னும் கடிக்கும். வெளிக் கழிப்பறைக்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ரெஜிபோம் (தெர்மோகோல்) இருக்கை போட்டிருப்பார்கள், இருந்தவுடன் சூடாக இருக்கும். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வை. மேற்பக்கம்தான் முதலில் உறையும், மூடி திறக்க வரும். போனை நெஞ்சோடு சேர்ந்த பைக்குள் வை. மாதவிலக்குத் திகதியைக் கணக்குப் பார்த்தாயா? பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தேவையானதைக் கொண்டு போ, குளிரும் அலைச்சலும் கணக்கை மாற்றிவிடும்.

இப்போது அந்தச் சொல். "பரவாயில்லை."

1988 நவம்பரில் நான் வார்டோவுக்கு வந்து இறங்கியபோது அப்பா அங்கே மீன் தொழிற்சாலையில் ஒரு வருடம் முடித்திருந்தார். அடுத்த மாதமே எனக்கும் வேலை. கொட் மீன் துண்டில் முள்ளும் புழுவும் எடுக்கிற மேசை. இறப்பர் கையுறை, அதற்குள்ளே வெள்ளைப் பருத்திக் கையுறை. நான் படித்த முதல் நோர்வேஜிய வசனம், "கோர் தெ ப்ரா?", சுகமா, என்று கேட்டால் "யா, தெ கோர் ப்ரா", ஓம், சுகம்தான், என்பது. அதைச் சொன்னால் கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார், அடுத்த கேள்வியை விளங்கிக்கொள்ள வேண்டிய கரைச்சல் இல்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் அதையே சொன்னேன். ஒரு நாள் வேலை முடிந்து, இறப்பரை மட்டும் கழற்றிவிட்டு, ஈரப் பருத்திக் கையுறையோடு மீன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பகலிலும் சூரியன் வராத காலம், காற்று. கூட வேலை செய்கிற அம்மா, பிறகு கிர்க்கெனெஸுக்கு வந்தாவே, அவதான், காரை நிறுத்திக் கேட்டா: "கோர் தெ ப்ரா?" "யா, தெ கோர் ப்ரா." அவ போய்விட்டா. பாதி வழியில் விரல் நோவு நின்றது. எனக்கும் குளிர் பழகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு மிச்சத் தூரமும் நடந்தேன். வீட்டில் கழற்றிப் பார்த்தால் வலது நடுவிரல் நுனி மெழுகுதிரி போல வெள்ளை. இன்றைக்கும் அந்த நுனியில் ஊசி குத்தினால், துணியில் இரத்தம் கண்டுதான் எனக்குத் தெரியும்.

நாங்கள் முதல் தரம் கேட்டால் சாப்பாடு வேண்டாம் என்போம், மூன்றாம் தரம் கேட்டால் இருந்து சாப்பிடுவோம். கேட்பவருக்கும் அது தெரியும். இங்கே ஒரு தரம்தான் கேட்பார்கள். நீ சொன்னதை நம்புவதுதான் அவர்கள் உனக்குத் தருகிற மரியாதை. நீ இங்கே பிறந்தும் இந்தப் பழக்கம் என்னிடமிருந்து உனக்கு வந்துவிட்டது. பதினாறு வயதில் அப்பென்டிக்ஸ் நோவோடு இரண்டு நாள் "பரவாயில்லை அம்மா" என்று பள்ளிக்கூடம் போனவள் நீ.

அங்கே வழிகாட்டிக்கு ஐந்தாறு வண்டி, முப்பது நாய். உன் முகம் துணிக்குள், கண் கண்ணாடிக்குள். அவர் பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றுமே இருக்காது. ஒவ்வொரு தரிப்பிலும் பெருவிரலை உயர்த்திக் காட்டிக் கேட்பார். குளிர்ந்தால் குளிருது என்று சொல். கால்விரல் நோகும்போதே சொல், நோவு நின்ற பிறகு சொல்லி என்ன? உன்னோடு வருகிறவளின் கன்னத்தையும் மூக்கையும் நீ பார், உன்னுடையதை அவள் பார்க்கட்டும். காசளவு வெள்ளைப் பொட்டு என்றாலும் நிறுத்தச் சொல். பனியால் தேய்க்காதே, வெறுங்கையைப் பொத்தி வைத்துச் சூடு கொடு. நன்றாகக் கதைத்துக்கொண்டு வந்தவள் பேச்சைக் குறைத்தால், நாய் வாரின் கிளிப்பைப் பூட்டத் தடுமாறினால், அவள் "பரவாயில்லை" என்றாலும் நம்பாதே. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி எனக்கு ஒப்புவித்தாயே, மலைக்குப் போகிறவர்களுக்கு இங்கே சொல்லித்தருகிற மலைவிதி ஒன்பது. அதில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, இதற்கெல்லாமா ஒரு விதி என்று.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். எள்ளுருண்டை இருக்கிறது. அதைப் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள், வெளியே வைத்தால் பல் போய்விடும். அதற்குக் கீழே தாளில் சுற்றி ஒரு சோடி கையுறை. விரல் வெள்ளையான அடுத்த நாள் அந்த அம்மா என் கையைப் பார்த்தா, ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த காலை என் மேசையில் இது இருந்தது. கடலுக்குப் போகிறவர்களின் கையுறை. பெரிதாகப் பின்னி, சுடுதண்ணீரில் அடித்துச் சுருக்கி, கம்பளமாக்கியது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெருவிரல் இருக்கும், திகைக்காதே. ஒரு பக்கம் நனைந்தால், தேய்ந்தால், திருப்பிப் போடலாம். மெல்லிய கம்பளிக் கையுறைக்கு மேலே இதைப் போடு. கிளிப் பூட்டும்போது மட்டும் கழற்று. காற்று கொண்டுபோகாமல் இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டு. இடது கையில் ஒரு பெருவிரலை நான் தைத்திருக்கிறேன், நூல் நிறம் பொருந்தவில்லை.

செவ்வாய்க்கிழமை கிடைக்கும். போட்டுப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பு, அப்பாவும் பார்க்க வேண்டுமாம். பெரிதாக இருந்தால் நல்லது.

அம்மா