நிலவில் ஒரு மர்லின்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க விண்வெளி வீரர் ஜிம் லவல் 2025 ஆகஸ்டில் 97 வயதில் காலமானபோது நான் படித்த அஞ்சலிகளில் எல்லாம், நிலவுக்குப் போகும் வழியில் பழுதாகித் தப்பித் திரும்பிய அப்பல்லோ 13 கதைதான். மனைவி மர்லினுக்குக் கடைசியில் ஒரு வரி. எனக்கென்னவோ அது போதவில்லை.

1968-இல் அப்பல்லோ 8-இல் நிலவைச் சுற்றியபோது, அங்கே அமைதிக் கடல் என்று அழைக்கப்படும் சமவெளிப் பக்கம் தெரிந்த முக்கோண மலைக்கு லவல் மர்லினின் பெயரை வைத்தார். சர்வதேச வானியல் சங்கம் அதை அங்கீகரிக்க 2017 வரை ஆனது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு! நல்லவேளை, அதைப் பார்க்க மர்லின் இருந்தார். 71 ஆண்டு இல்லறத்துக்குப் பின் 2023 ஆகஸ்டில் அவர் மறைந்தார்.

அதே பயணத்தில் சென்ற ஃபிராங்க் போர்மனின் மனைவி சூசன், கணவர் உயிரோடு திரும்பமாட்டார் என்றே நம்பியிருந்தார். வீட்டு ஒலிபெருக்கியில் விண்கலத்துப் பேச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தவர் அவர். முதுமையில் அவருக்கு அல்சைமர் வந்தது. அப்போது அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு போர்மனுடையதாயிற்று. சூசன் 2021-இல் போனார், இரண்டே ஆண்டில், 95 வயதில், போர்மனும்.

மூன்றாமவர் பில் ஆண்டர்ஸ், நிலவின் அடிவானத்தில் பூமி எழும் அந்தப் படத்தை எடுத்தவர். 90 வயதிலும் தனியாக விமானம் ஓட்டி, 2024 ஜூனில் வாஷிங்டன் மாநிலக் கடலில் விழுந்து இறந்தார். அந்த வயதில் ஏன் ஓட்டினார் என்று கேட்கத் தோன்றுகிறது, சரி, ஓட்டாமல் இருந்திருப்பாரா என்ன?

மலைக்கு மர்லின் என்ற பெயர் எப்படி வந்தது என்பதையும் அடுத்த முறை நிலவுச் செய்தி போடும்போது இரண்டு பத்தி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்