உருமால் கட்டினால் கவலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை மஞ்சள் விலைச் செய்தியோடு, 'விலை சரிவால் தலையில் கைவைத்து அமர்ந்திருக்கும் விவசாயி' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். அந்த விவசாயி நான்தான். ஈரோடு சந்தையில் மூட்டை மேல் உட்கார்ந்து, தலையில் அவிழ்ந்த உருமாலைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் பங்காளி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை வெட்டிவிட்டீர்கள். இடது ஓரத்தில் டீத் தம்ளர் பிடித்த இரண்டு விரல்கள் மட்டும் மிச்சம் நிற்கின்றன. எடுத்துப் பாருங்கள்.

விலை இறங்கியது உண்மை. ஆனால் அன்று நான் விற்கப் போகவில்லை, விலை விசாரிக்கப் போனேன். என் மஞ்சள் வேகவைத்துக் காய்ந்து வீட்டில்தான் கிடக்கிறது. இதை உங்கள் நிருபர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. படம் வந்த அன்று காலை பத்து மணிக்குள் தாராபுரத்திலிருந்து சம்பந்தி போன் செய்து, கடன் ஏதும் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்றார். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து இப்படி ஒரு விசாரிப்பு வந்தால் எப்படி இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

படத்தைத் திருத்துவது பாவம் என்று சொல்லவரவில்லை. கோபியில் இருபது வருடம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜருக்கு அடியில் ஒரு கம்பியில் அட்டைத்துண்டை ஒட்டி, மணப்பெண் முகத்தின் மேல் ஆட்டிக்கொண்டே இருப்பேன்; அந்த இடத்தில் ஒளி குறைந்து, பிரிண்டில் முகம் வெளுத்து வரும். மாமியார்களின் கன்னச் சுருக்கங்களை நெகட்டிவில் பென்சிலால் நிரப்பியிருக்கிறேன். எல்லாம் காசு கொடுத்தவர் கேட்டுச் செய்தது. அதற்குச் செய்தி என்று நான் பெயர் வைத்ததில்லை.

1982இல் நேஷனல் ஜியோகிராபிக் இதழ், அட்டைப் படத்துக்கு அடங்கவில்லை என்று எகிப்துப் பிரமிடுகளையே ஒன்றுக்கொன்று நெருக்கமாக நகர்த்திவைத்தது. 2003 ஈராக் போரில் இரண்டு படங்களை ஒட்டி ஒன்றாக்கிய லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் புகைப்படக்காரருக்கு வேலை போனது. இதெல்லாம் நான் சொல்லியா தாங்கள் அறிய வேண்டும்? தாங்கள் எதையும் ஒட்டவில்லை, வெட்டினீர்கள். வெட்டினால் யாருக்கும் வேலை போகாது போலிருக்கிறது.

எழுத உட்கார்ந்தபிறகு பழையதும் நினைவுக்கு வருகிறது. நொய்யல் பற்றி எப்போது எழுதினாலும் அதே நுரைப் படம். அதில் கரையில் நிற்கும் பையனுக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தால் நான்கு பெண்கள் துள்ளிக் குதிக்க வேண்டும். எங்கள் ஊரில் பையன்கள் யாரும் தேர்ச்சி பெறுவதே இல்லையா? கோடை என்றால் வெடித்த வயல். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடிய மாதத்திலும் எங்கள் பகுதிச் செய்திக்கு அதே வெடிப்பைத்தான் போட்டீர்கள், 'கோப்புப் படம்' என்ற இரண்டு வார்த்தைகூட இல்லாமல். போன பொங்கலுக்குக் 'காங்கேயம் காளை' என்று போட்டது காங்கேயம் காளையே இல்லை. அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன். கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

வருத்தம் தெரிவித்து ஏழாம் பக்கத்து மூலையில் நான்கு வரி போடுவீர்கள் என்பது தெரியும். அது வேண்டாம். அந்தப் படத்தின் வெட்டாத பிரதி ஒன்றைத் தபாலில் அனுப்பினால் போதும். பங்காளி முழுதாகத் தெரிய வேண்டும். தாராபுரம் போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியிருக்கிறது. தபால் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கவலையில்லாத மஞ்சள் விவசாயி,
கோபிசெட்டிபாளையம்.